பீரோக் கதவின் உள்பக்கம்

அம்மாவை அடையாறுக்கே அழைத்து வந்துவிடுவது என்று முடிவானதும் மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கத்துச் சந்து. மாடிப்படி குறுகல். இரும்பு பீரோவை முழுசாக இறக்க முடியாது, கதவைக் கழற்றித்தான் ஆகணும் என்றார்கள் வந்த ஆட்கள். கழற்றிச் சுவரில் சாய்த்ததும் கூடம் முழுக்க அந்துருண்டை வாசனை. கதவின் உள்பக்கத்தில் நதியா.

ஏதோ ஒரு வார இதழின் நடுப்பக்கம். சோற்றுப் பருக்கை வைத்துத் தேய்த்து ஒட்டியது நான்தான். கன்னத்தில் பாதியைப் பூச்சி அரித்திருந்தது. காதில் தொங்கும் பெரிய வளையம் மட்டும் சிவப்பு மங்காமல் அப்படியே இருந்தது.

“சுரண்டிப் பார்த்தேன், வரல. சரி, உள்பக்கம்தானே, யாரு பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்,” என்றாள் அம்மா.

நதியா நடித்த ‘பூவே பூச்சூடவா’ 1985-இல் வந்தது. ஃபாசில் இயக்கிய படம், இளையராஜா இசை. சித்ராவுக்குச் ‘சின்னக்குயில்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டதும் அதில் வந்த பாட்டால்தான். அதன் பிறகு கொஞ்ச காலத்துக்குத் தி.நகரில் எதைத் தொட்டாலும் நதியா. நதியா கம்மல், நதியா வளையல். லஸ்ஸில் 12பி பிடித்து, பனகல் பூங்காவில் இறங்கி, ரங்கநாதன் தெரு நெரிசலில் அம்மாவின் முந்தானையை விடாமல் நடந்தால், நடைபாதைக் கடைகளில் பிளாஸ்டிக் வளையங்களைக் கலர் வாரியாகக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அம்மா பேரம் பேசி முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

என் வகுப்பில் எல்லோருக்கும் நதியா மாதிரி ஆக வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கம்மலை வாங்கினேன். வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் சப்பென்று இருந்தது. கண்ணாடியில் நான்தான் இருந்தேன். கம்மலைக் கழற்றி வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்து படத்தைப் பார்த்தேன், அப்போது சரியாக இருந்தது. மற்ற பெண்களின் ஆசையும் என் ஆசையும் ஒரே கடையில் ஒரே விலைக்கு விற்றன, அவ்வளவுதான். அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

‘பூவே பூச்சூடவா’வைப் பிற்பாடு நிதானமாகப் பார்த்தபோது வேறொன்று பிடிபட்டது. அதில் காதல் ஒரு ஓரமாகத்தான் வந்து போகும். படம் முழுக்க இரண்டு பெண்கள்: பாட்டியாக வரும் பத்மினி, பேத்தியாக வரும் நதியா. ஒருத்தி வாசலை ஒருத்தி தட்டி, முதலில் முறைத்துக்கொண்டு, பிறகு விட்டுப் பிரிய முடியாமல் தவிக்கிறார்கள். பாட்டி பேத்தி பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு இன்னொரு பெண்ணே முழுக் காரணமாக இருப்பதை இரண்டரை மணி நேரம் திரையில் பார்ப்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. நாயகன் வந்து குறுக்கே நிற்காத படம் என்பதே பெரிய விஷயம்.

அந்தக் காலத்தில் கரண்ட் போனால் மொத்தக் குடித்தனமும் மொட்டை மாடிக்கு ஏறும். பாய், விசிறி, சொம்பில் தண்ணீர். பக்கத்துப் போர்ஷனில் என்னைவிட ஒரு வகுப்பு மேலே படித்த ஒருத்திக்கு நல்ல குரல். அவள் சித்ரா, நான் எஸ்.பி.பி. கேசட் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து டி.டி.கே. 90-இல் பதிந்து வாங்கிய டூயட்டுகள் எல்லாம் இருட்டில் எங்கள் வாயால் மறுபடி வரும். காதலியைப் பார்த்து ஆண் பாட எழுதிய வர்ணனை அத்தனையையும் நான் அவளைப் பார்த்துப் பாடினேன், சுற்றி நாலு வீட்டு மாடியும் கேட்க. “இந்தப் பொண்ணு என்னமா பாலு மாதிரியே இழுக்குது!” என்று எதிர்வீட்டு மாமா இருட்டிலிருந்து குரல் கொடுப்பார். இன்னொரு பாட்டு கேட்பார்கள். பாடுவோம். ஒரு கடிதம் எழுதி மாட்டியிருந்தால் அந்தத் தெருவில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தாலே இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பாட்டுக்கோ கைதட்டல் கிடைத்தது.

நடன வகுப்பு அதைவிட வினோதம். தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு மாடிக் கூடம், சிமென்ட் தரை, சுவரோரம் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்து கீரை ஆய்வார்கள். ஆண்டு விழாவுக்கு நாட்டிய நாடகம் போட்டால் வகுப்பில் உயரமான பெண்ணுக்கு எப்போதும் கிருஷ்ணன் வேஷம். வேறு வழியில்லை, வகுப்பில் பையன்களே கிடையாது. எங்கள் கிருஷ்ணன் பத்தாம் வகுப்பு. கச்சம் கட்டி, மயில் இறகு செருகி, புல்லாங்குழலோடு அவள் ஒயிலாக நின்றால் கீரை ஆய்கிற கைகள் சற்று நிற்கும். நான் கோபியரில் ஒருத்தி, சில வருஷம் பதவி உயர்வாக ராதையின் தோழி.

“கிருஷ்ணனைப் பாரு. கண்ணை எடுக்காதே. இப்ப வெட்கப்படு. ஐயோ, இவ்வளவு வெட்கம் வேணாம்மா, வயசுக்குத் தகுந்த மாதிரி!” என்று டீச்சர் தட்டுக்கழியைத் தட்டுவார். வெட்கத்தைக் குறைப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. ஒரு பெண்ணைக் கண் கொட்டாமல் பார்க்கச் சொல்லி, அது சரியாக வரவில்லை என்று திருத்தி, திரும்பத் திரும்பப் பார்க்க வைத்து, அதற்கு மாதச் சம்பளமும் வாங்கிக்கொண்டார்கள். மயிலாப்பூரில் தாளமும் ஜதியும் இருந்தால் மேடையில் எதற்கும் இடம் உண்டு. மேடையை விட்டு இறங்கினால் அதே கிருஷ்ணனோடு சைக்கிளில் டபுள்ஸ் போகக் கூடாது, அது வேறு கதை.

பெண்கள் ஆண் வேஷம் போடுவதைப் பற்றிப் பாட்டியிடம் பேசினால் அவள் இன்னும் பின்னால் போவாள். எம்.எஸ். சுப்புலட்சுமி 1941-இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தது. ‘கல்கி’ பத்திரிகை தொடங்கப் பணம் வேண்டியிருந்ததால் ஒப்புக்கொண்ட வேஷம் அது. அதற்கும் முன்னால், 1935-இல், திரையில் நந்தனாராகக் கே.பி. சுந்தராம்பாள், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். லட்சம் என்று சொல்லும்போது பாட்டி கையால் ஒரு குவியல் காட்டுவாள். “எத்தனையோ ஆம்பளைங்க நாரதரா நடிச்சாங்க. நம்ம எம்.எஸ். மாதிரி லட்சணமான நாரதர் உண்டா?” என்பாள். ஈசிசேரில் இருக்கும் தாத்தா செய்தித்தாளை இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொள்வார். பெண் ஆணாக வந்து நின்றபோது ரசித்த ஊர்தான் இது. ரசனைக்குக் காரணம் கேட்காத வரைக்கும்.

நதியாவுக்குப் பிறகு வந்தவர் விஜயசாந்தி. தெலுங்கில் 1990-இல் வந்த ‘கர்த்தவ்யம்’, இங்கே ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ என்று டப்பிங்கில் ஓடியது. அந்தப் படத்துக்கு அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. வாடகை கேசட்டில் பார்த்தோம், திருப்பித் தருவதற்குள் இன்னொரு முறை பார்த்தோம். காக்கிச் சட்டை, இடுப்பு பெல்ட், நிமிர்ந்த தோள். நதியாவைப் பார்த்து எனக்கு வந்தது ஒன்று, விஜயசாந்தியைப் பார்த்து வந்தது வேறொன்று. முதலாவதில் யாரைப் பிடிக்கும் என்று தெரிந்தது. இரண்டாவதில் எப்படி நடக்க வேண்டும் என்று தெரிந்தது. கல்லூரியில் பூ வைத்துக்கொள்வதை நிறுத்தியதும், பெரிய சட்டையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டதும் அந்த வருஷங்களில்தான்.

தமிழ் சினிமா இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? அதே விஜயசாந்தியை 1992-இல் ‘மன்னன்’ படத்தில் திமிர் பிடித்த முதலாளியாக உட்கார வைத்து, கடைசியில் கம்பெனியை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கும் மனைவியாக்கி அனுப்பியது. தியேட்டரில் அந்தக் காட்சிக்கு விசில் பறந்தது. 1999-இல் ‘படையப்பா’வின் நீலாம்பரி வந்தபோது எனக்கு விவரம் தெரிந்துவிட்டது. அவள் தோற்பாள், சாவாள், எல்லாம் தெரியும். ஆனாலும் ரம்யா கிருஷ்ணன் கால்மேல் கால் போட்டு உட்காரும் அந்த உட்காருதல் கிளைமாக்ஸைவிட நீண்ட நாள் நின்றது. கதை சொல்லும் நீதியைத் தூக்கிப் போட்டுவிட்டு நடையையும் பார்வையையும் மட்டும் எடுத்துக்கொள்வது எங்களுக்குக் கைவந்த கலை. முள்ளை ஒதுக்கி மீன் தின்னப் பழகியவர்களுக்கு இது புரியும்.

இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ 1998-இன் கடைசியில் இந்தியாவில் வெளியானது. டிசம்பரில் மும்பையிலும் டெல்லியிலும் சிவசேனைக்காரர்கள் தியேட்டர்களை அடித்து நொறுக்கினார்கள். வீட்டில் அப்பா அந்தச் செய்தியைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை, விளையாட்டுப் பக்கம் மேலே வருமாறு பேப்பரை மடித்து வைத்தார். நான் படத்தைப் பார்த்தது வெகுகாலம் கழித்து, பர்மா பஜாரிலிருந்து வந்த வி.சி.டி.யில். படம் தெரியும்போது ஒலி போகும், ஒலி வரும்போது படம் கட்டம் கட்டமாக உடையும். ரஹ்மானின் இசை மட்டும் எப்படியோ தப்பி வந்தது. நினைவில் தங்கியது ஊர் கொதித்த காட்சி அல்ல. ஒருத்தி தலைக்கு ஒருத்தி எண்ணெய் தேய்க்கும் இடம். ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும்.

எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. சித்தி தலையில் அத்தை, அத்தை தலையில் அம்மா என்று முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து எண்ணெய் வைத்துக்கொள்வார்கள். சீயக்காய் புகை மாதிரி எழும். அந்தக் கைகளில் இருந்ததெல்லாம் வெறும் வேலைதான் என்று எப்படிச் சொல்வது? இப்படி நான் யோசிப்பது தெரிந்தால் சித்தி என்னை எண்ணெய்க் கிண்ணத்தாலேயே அடிப்பாள். ஆனால் ஒரு படம் வந்து நம் முற்றத்தை நமக்கே வேறு வெளிச்சத்தில் காட்டிவிட்டால் பிறகு பழைய கண்ணோடு பார்க்க முடிவதில்லை. ‘ஃபயர்’ வெளியானதற்கு அடுத்த வருஷம் அஷ்வினி சுக்தங்கர் தொகுத்த ‘ஃபேசிங் தி மிரர்’, இந்தியாவில் பெண்களை நேசிக்கும் பெண்கள் எழுதியவற்றின் தொகுப்பு, பெங்குவின் வெளியீடாக வந்தது. நுங்கம்பாக்கம் அபெக்ஸ் பிளாசாவின் அடித்தளத்தில் இருந்த லேண்ட்மார்க்கில், சமையல் புத்தகம் ஒன்றை மேலே வைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தேன். வாங்கி எங்கே வைப்பது? பீரோ அம்மாவுடையது.

தமிழ்ப் பத்திரிகைகளில் எங்களைப் போன்றவர்கள் வந்தது வேறொரு இடத்தில். ‘தோழிகள் தற்கொலை’ என்று உள்பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி. ஊர் பெயர், வயது, ‘பிரிய மனமில்லாமல்’ என்று ஒரு வரி. அதோடு முடிந்தது. பழைய பேப்பர் கட்டிலிருந்து அந்தத் தாளை உருவி மறுபடி படித்திருக்கிறேன். சினிமாவையும் நடிகைப் பைத்தியத்தையும் இளக்காரமாகப் பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். அந்த வயதில் எங்கள் முன்னால் இருந்தவை இரண்டு: அந்தப் பெட்டிச் செய்தி, இல்லாவிட்டால் நதியா. பெட்டிச் செய்தியில் இருந்தவர்களுக்கும் ஒரு நதியா இருந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன், அதனால் இதைப் பெரிய வெற்றியாகச் சொல்லவும் நாக்கு எழவில்லை.

2013-இலிருந்து சென்னையில் எங்களைப் போன்றவர்களைப் பற்றிய படங்களுக்கென்று ‘ரீல் டிசையர்ஸ்’ என்ற திரைப்பட விழா நடக்கிறது. நுங்கம்பாக்கத்தில், ஜெர்மன் மொழி சொல்லிக் கொடுக்கும் கதே நிலையத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். படங்கள் எங்கெங்கிருந்தோ வந்தன, பலதும் நல்ல படங்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது இடைவேளைத் தேநீர். ஒருமுறை எங்கள் வயதுப் பெண்கள் சிலர் மாமரத்தடியில் நிற்பது மாதிரி வட்டமாக நின்றுவிட்டோம். யாரோ ஆரம்பித்தார்கள்: உனக்கு முதல்ல யாரு?

ஒருத்தி சில்க் ஸ்மிதா என்றாள். தயங்கவே இல்லை. அவள் தெருவில் ஆண்கள் சில்க் பெயரைக் கேலியாகச் சொல்வார்களாம், இவள் மட்டும் மரியாதையாக ‘ஸ்மிதா’ என்றே சொல்வாளாம். ஒருத்திக்குத் தூர்தர்ஷனில் பார்த்த விம்பிள்டன், மார்ட்டினா நவ்ரத்திலோவா. 1990-இல் ஒன்பதாவது முறை பட்டம் வென்றபோது வீட்டில் எல்லோரும் ஸ்டெஃபி கட்சி, இவள் தனிக் கட்சி. சீரியல் பார்க்கும் ஒருத்தி ‘கோலங்கள்’ அபியையும் உஷாவையும் சொன்னாள். “அந்த ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்திருந்தா சீரியல் அம்பது எபிசோட்ல முடிஞ்சிருக்கும்.” பெரம்பூரிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா கடைசி வரை வாய் திறக்கவில்லை. வற்புறுத்தியதும் சொன்னார்: “எனக்கு ஹீரோயினெல்லாம் இல்லம்மா. நான் எம்.ஜி.ஆர்.ஆ இருந்தேன்.” சிரித்துச் சிரித்துத் தேநீர் ஆறிப்போனது. நதியா என்று நான் சொன்னபோது இன்னும் இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். ரங்கநாதன் தெருவில் அந்த நாட்களில் நாங்கள் ஒரே கடையில் நின்றிருக்கக்கூட வாய்ப்புண்டு.

அந்த வட்டத்தில் இருந்தவர்களில் ஒருத்தி வங்கியில் வேலை பார்ப்பவள். இப்போது நானும் அவளும் அடையாறு காந்தி நகரில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அம்மா அவளை ‘மேனேஜர்’ என்று கூப்பிடுகிறாள். உறவு சொல்ல ஒரு முறை கிடைக்காத இடத்தில் உத்தியோகம் கைகொடுத்தது.

ஊரும் மாறித்தான் இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு பெண்களின் வழக்கில், எனக்கே இது புரியவில்லை, முதலில் நான் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி ஆலோசகர் முன்னால் போய் உட்கார்ந்தார் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2021-இல். 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும், குடும்பம் அமையத் திருமணம் மட்டும்தான் வழி என்று இல்லை என்றார்கள். சினிமாவும் நேராகப் பேசத் தொடங்கிவிட்டது. 2021-இல் மதன் கார்க்கி எழுதி, கோவிந்த் வசந்தா இசையமைத்த ‘மகிழினி’ பாடல் காணொளி வந்தது. பரதம் ஆடும் இரண்டு பெண்களுக்குள் காதல். அதை எனக்கு முதலில் அனுப்பியது யார் தெரியுமா? எங்கள் கிருஷ்ணன். நியூ ஜெர்சியில் கணவன், இரண்டு பிள்ளைகள், வார இறுதியில் நடன வகுப்பு. இணைப்புக்குக் கீழே எழுதியிருந்தாள்: “பாட்டு நல்லா இருக்கு. நம்ம டீச்சர் பாத்திருந்தா முதல்ல அரைமண்டியைத்தான் பாத்திருப்பாங்க.”

2022-இல் ‘நட்சத்திரம் நகர்கிறது’, 2025 காதலர் தினத்தன்று ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘காதல் என்பது பொதுவுடமை’. பின்னதில் மகள் தன் காதலை வீட்டில் சொல்கிறாள், வரப்போவது பையன் என்று காத்திருக்கும் அம்மா முன்னால் ஒரு பெண் வந்து நிற்கிறாள். லிஜோமோல் ஜோஸ், அனுஷா பிரபு, அம்மாவாக ரோகிணி. ‘மகளிர் மட்டும்’ படத்தில் ரேவதியோடும் ஊர்வசியோடும் சேர்ந்து கொட்டமடித்த எங்கள் ரோகிணிக்கு இப்போது அம்மா வேஷம். நல்ல படம், நேர்மையான படம். ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று உறுத்தியது. இந்தப் படங்கள் எங்களைப் பற்றிப் பேசினாலும் பேச்சு முழுக்க அப்பா அம்மாக்களிடம். பயப்படாதீர்கள், நோய் இல்லை, உங்கள் பெண்தான் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தேவைதான், யாராவது சொல்லத்தான் வேண்டும். நதியா படத்தை யாரும் எனக்காக எடுக்கவில்லை, அதனால் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் அதற்குள் போய் உட்கார முடிந்தது. எங்களுக்காக எடுத்த படத்தில் அந்த நாற்காலியில் பெற்றோர் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பெண்கள் மளிகைக் கணக்குப் பார்த்து, சண்டை போட்டு, நாயகியின் தோழி யாரென்று கேட்க யாரும் இல்லாத ஒரு படம் வந்தால் டிக்கெட்டுக்கு நான் முதல் ஆள்.

அம்மாவும் எங்களோடு உட்கார்ந்து டி.வி.யில் அந்தப் படத்தைப் பார்த்தாள். ரோகிணி திகைத்து நிற்கும் கட்டத்தில் நான் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். “வந்த பொண்ணுக்கு ஒரு வாய் காபி குடுத்துட்டு அப்புறம் பேசலாம்ல? பேச்சு எங்க ஓடிடப் போகுது,” என்றாள் அம்மா. படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். “மேனேஜர், உனக்கும் போடவா?”

இப்போதைய பஞ்சாயத்து அண்ணன் மகளோடு. இருபது வயது. பழைய படக் காட்சிகளை வெட்டி ஒட்டி ரீல்ஸ் போடுகிறாள். போன வாரம் காட்டியது, 1958-இல் ஜெமினி எடுத்த ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ போட்டி நடனம். பத்மினி, வைஜயந்திமாலா. முறைப்பு, புருவம், திரும்பிப் பார்த்தல் இவற்றை மட்டும் எடுத்து மெதுவாக ஓடவிட்டு, பின்னணியில் ஏதோ உருகும் கிதார்.

“இது போட்டிடி. ஜெமினி கணேசனுக்காக ரெண்டு பேரும் மோதிக்கறாங்க,” என்றேன்.

“அத்தை, பாட்டை முழுசாப் பாருங்க. அவங்க அவரைப் பாக்கறாங்களா, ஒருத்தரை ஒருத்தர் பாக்கறாங்களா?”

பார்த்தேன். வெற்றி தோல்வி சொல்லாமலே முடிகிற நடனம் அது. அதில் வில்லனாக வரும் வீரப்பாவின் புகழ்பெற்ற வசனத்தையும் வெட்டி எறிந்துவிட்டாள், அதில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை. என் வாதமெல்லாம் முடிந்ததும் அவள் அடுத்த வேலையைத் தொடங்கினாள். எங்கள் நாட்டிய நாடகப் புகைப்படங்கள் வேண்டுமாம், அதையும் இப்படி ஒன்று பண்ண வேண்டுமாம். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் தர முடியாது என்று சொல்லி நியூ ஜெர்சிக்குச் செய்தி அனுப்பினேன், படங்களையும் சேர்த்து. அங்கே விடிந்ததும் பதில் வந்தது.

“தாராளமாப் போடச் சொல்லு. மயில் இறகு கோணலா இருக்கிற படம் மட்டும் வேண்டாம்.”